டப்பாவுக்குப் பொன்னாடை

உடம்பு இளைக்கும் மாத்திரையின் சோதனை முடிந்த விழாவில், டாக்டர் சேதுமாதவன் முதல் பொன்னாடையை மாத்திரை டப்பாவுக்குப் போர்த்தினார். கைதட்டல் அடங்க வெகுநேரமாயிற்று. பக்கத்தில், சோதனைக்காக அந்த மாத்திரையைச் சாப்பிட்ட அஞ்சுகம் நின்றிருந்தாள். சோற்றைப் பாதியாக்கி, வலிக்கிற முழங்காலோடு தினமும் ஏரிக்கரையைச் சுற்றி, ரவிக்கையெல்லாம் தொளதொளக்க இளைத்தவள். கூட நடந்தவர்களில் பாதிப்பேருக்கு மாத்திரை என்று கொடுத்தது வெறும் அரிசிமாவு. அவர்களும் அதே அளவுதான் இளைத்திருந்தார்கள். அதெல்லாம் மேடையில் பேசுகிற விஷயமா?

"எல்லாம் இந்த டப்பாவோட மகிமை! நீங்களும் நன்றி சொல்லுங்கம்மா" என்று மைக்கை நீட்டினார் டாக்டர். அவருடைய கோட்டுப் பொத்தான் தொப்பையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது.

அஞ்சுகம் பொன்னாடையை உருவி எறிந்தாள். டப்பாவை எடுத்து மேடை நடுவில், தரையில் வைத்தாள்.

"என்னம்மா பண்றீங்க?"

"ஏரிக்கரைய சுத்தினது நான் இல்லியே சார், இதுதானே? இங்கயும் ஒரு சுத்து சுத்தட்டும், பாப்போம்."

யாரோ சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. இடுப்பில் கைவைத்துக் குனிந்து, "ம், நட" என்றாள்.

அரங்கமே டப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தது. டாக்டரும்தான்.