சின்ன டயர் போதும்

"பெரிய டயரைக் கழட்டிட்டு, பழைய சின்ன ரிம்மையும் டயரையும் மாட்டிக் குடுங்க நானா. பின்னால ஏத்திட்டு வந்திருக்கேன்" என்றான் பிக்கப் ஓட்டும் தர்மலிங்கம்.

பதுளையில் டயர் கடை வைத்திருக்கும் ஸப்வானுக்கு நம்ப முடியவில்லை. போன வருடம் ஆசை ஆசையாகப் பெரிய டயர் போட்டுக்கொண்டு போனவன் இவன்.

"ஏன் தம்பி, டீசல் கூடக் குடிக்குதா?"

"இல்ல நானா."

"வண்டிய விக்கப் போறீங்களா?"

"ஐயோ, இல்லீங்க."

"அப்ப சின்ன டயரோட உங்க தோட்டத்து மேல் லயத்துப் பாதையில எப்பிடி ஏறுவீங்க? குலுக்கி எடுத்துடுமே!"

"குலுக்கட்டும். நாளைக்கு மட்டுந்தான். அடுத்த நாளே வந்து பெரிசை மாட்டிக்கிறேன்."

"நாளைக்கு என்ன?"

ஸப்வான் கழற்றி வைத்த பெரிய டயரைத் தர்மலிங்கம் காலால் தட்டினான்.

"பாதையத் திருத்தணுமான்னு பாக்க ஆபீஸ் ஐயாமார் வர்றாங்க. போன தடவையும் என் வண்டியிலதான் ஏத்திட்டுப் போனேன். புது டயர், ஒரு குலுக்கல் இல்ல. பாதை நல்லாத்தான் இருக்குன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. அப்புறம் நான் ஊர்ல இல்லாத அன்னிக்கு, வேற வண்டி ஏற முடியாம, என் சம்சாரத்தக் கம்பளியில வச்சி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினாங்க நானா. பாதி வழியிலயே பிள்ள பொறந்திருச்சு."

ஸப்வான் சின்ன டயரை மாட்டி முடித்தார். பிறகு காற்றுக் குழாயை எடுத்தார்.

"காத்தையும் கல்லு மாதிரி அடிச்சு விடுறேன் தம்பி. நல்லாக் குலுக்கும்."