தலைவர் இன்னும் உள்ளே

தலைவரைச் சிறையில் அடைத்து வாரங்கள் ஆகியும், மழலையர் வகுப்பு டீச்சருக்கு அவரை வெளியே விட மனம் வரவில்லை.

மதியச் சாப்பாட்டுக்குப் பின் பிள்ளைகளைப் பாயில் படுக்கவைத்து, உரிமைக்காகப் போராடிய ஒரு தலைவரின் வாழ்க்கையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்வது அந்தப் பள்ளியின் வழக்கம். கேட்டபடியே தூங்கிவிடுவார்கள். தம் மக்கள் உட்காரக் கூடாது என்று தடுத்திருந்த பூங்கா பெஞ்சில் தலைவர் போய் உட்கார்ந்தார், பிடித்துக்கொண்டு போனார்கள். அதுவரை ஓட்டமாக ஓடிய கதை, அங்கே நின்றதுதான்.

தலைமை ஆசிரியைக்குப் பொறுமை போயிற்று. வெள்ளிக்கிழமை விழா. பெற்றோர் முன்னால் பிள்ளைகள் வெற்றி ஊர்வலம் போகவேண்டும். தலைவர் வெளியே வந்தால்தானே ஊர்வலம்? போதாக்குறைக்குப் புகார்கள் வேறு. ஒரு பையன் பாதி ரொட்டியைத் தலைவருக்கென்று ஜன்னலில் வைத்துவிடுகிறானாம். ஒருத்தி வெந்நீரில் குளிக்க மறுக்கிறாளாம். தலைவருக்கு அங்கே பச்சைத் தண்ணீர்தானாம்.

அன்று தலைமை ஆசிரியை சத்தமில்லாமல் வகுப்புக்குள் வந்து நின்றார்.

திரைச்சீலை அசைய, பாய்களின்மேல் வெயிலும் அசைந்தது. டீச்சரின் குரல் எங்கோ தொலைவிலிருந்து வருவதுபோல் இருந்தது.

"இன்னைக்குத் தலைவரோட ஜன்னல்ல ஒரு மேகம் வந்து நின்னுச்சு. கொஞ்ச நேரம் துணைக்கு இருந்துட்டுப் போறேன்னுச்சு."

"அவர் அழுதாரா, மிஸ்?" பாதித் தூக்கத்தில் ஒரு குரல்.

"கொஞ்சம். வீட்டு ஞாபகம் வந்துச்சு."

"அவருக்குப் பாப்பா இருக்கா?"

"இருக்கே. உங்க வயசுதான்."

மூச்சுகள் ஒவ்வொன்றாகச் சீரடைந்தன. அறையே மெல்ல மிதந்தது. தலைமை ஆசிரியைக்கே கண் செருகியது. சுதாரித்துக்கொண்டு டீச்சரை வராந்தாவுக்கு அழைத்தார்.

"கிணத்துல போட்ட கல்லு மாதிரி உள்ளேயே கிடக்குறாரே, டீச்சர். நாளைக்கு அவரை விட்டுடுங்க."

டீச்சர் கதவின் கண்ணாடி வழியே உள்ளே காட்டினார். நடுவில் ஒரு சுருட்டைமுடிக்காரி தூங்கிக்கொண்டிருந்தாள். அவளை நெருக்கிக்கொண்டு மற்றவர்களின் பாய்கள்.

"முன்னெல்லாம் இவ மூலையில தனியாப் படுப்பா, மேடம். இவ அப்பா ஜெயில்ல இருக்கார்னு யாரோ சொல்லிட்டாங்க. கெட்டவங்கதானே ஜெயிலுக்குப் போவாங்கன்னு ஒருத்தரும் பக்கத்துல பாய் போடலை. தலைவர் உள்ளே போன அன்னைக்குத்தான் பாயெல்லாம் நகர்ந்துச்சு. உங்க அப்பாவுக்கும் மேகம் தெரியுமான்னு இவகிட்டயே கேட்கறாங்க."

"இவ அப்பா என்ன செஞ்சாராம்?"

"அது கோர்ட்டுக்குத் தெரியும். எனக்கு இவளைத்தான் தெரியும். தலைவரை இப்போ விட்டுட்டா, இவ அப்பா மட்டும்தானே உள்ளே இருப்பார்?"

தலைமை ஆசிரியை கண்ணாடியிலிருந்து பார்வையை எடுக்கவில்லை. அவள் அப்பாவுக்கு எப்போது விடுதலை என்று மட்டும் கேட்டார். அடுத்த மாதக் கடைசி என்று குழந்தையின் அம்மா சொன்னதாக டீச்சர் சொன்னார்.

"அப்போ விழாவைத் தள்ளி வைக்கிறேன். ரெண்டு பேரும் ஒண்ணாவே வெளியே வரட்டும்."