லேமினேட்டுக்கு அடியில்

ஹாலைவிட அந்த அறை ஓர் அங்குலம் பள்ளமாக இருந்தது. தரையை உயர்த்த பிளைவுட் போடலாம் என்றார் ஆசாரி. விலையைக் கேட்ட வீட்டுக்காரம்மா, மரத்தூளை அழுத்திச் செய்த மலிவுப் பலகையே போதும் என்றாள். அதன் மேல் தேக்கு நிற லேமினேட்டைப் பரப்பினார்கள்.

வந்தவர்கள் எல்லாம் குனிந்து லேமினேட்டையே தடவிப் பார்த்தார்கள்.

"உன்னைத் தாங்குறது நான். பேரு மட்டும் உனக்கா?" என்று பொருமியது பலகை.

"நான் என்ன பண்ண? அவங்க கண்ணுக்கு நான்தானே தெரியுறேன்" என்றது லேமினேட்.

"இரு, என்னையும் பார்க்க வைக்கிறேன்."

வெள்ளிக்கிழமை வீட்டுக்காரம்மா, பழக்கதோஷத்தில், வாளித் தண்ணீரை ஊற்றி அறையைக் கழுவிவிட்டாள். இடுக்கு வழியே இறங்கிய தண்ணீரை ஒரு சொட்டு விடாமல் குடித்தது பலகை. உப்பி, லேமினேட்டை முட்டித் தூக்கியது.

ஆசாரி பிரித்துப் பார்த்தார்.

"மேல இருக்கிறது நல்லாத்தாம்மா இருக்கு. அடியில போட்டதுதான் ஊறிப்போச்சு."

பலகையைத் தூக்கி வாசலில் போட்டார்கள். அது இருந்த இடத்தில் பிளைவுட் வந்தது. மேலே அதே லேமினேட்.

மறுநாள் பக்கத்து வீட்டுக்காரி அறைக்குள் நடந்து பார்த்தாள். அவள் கேட்டது வாசலில் கிடந்த பலகையின் காதிலும் விழுந்தது.

"அட, என்ன திடமா இருக்கு! அடியில என்ன போட்டீங்க?"