எட்டு மாதப் பச்சை

மரியதாஸின் பிரஷால் எட்டு மாதமாகப் பல் தேய்த்தவள் அவன் மனைவி செலஸ்டீன்தான். வாய்க்குள் இருப்பதையெல்லாம் அந்த பிரஷ் தினமும் காலையில் ஆஸ்பத்திரிக்குச் சொல்லிவிடும். நோய் என்று அதில் ஒருநாள் சிவப்பு விளக்கு எரிந்தாலும் போதும், மீன் ஏலக்கூடத்தில் அவனைக் கூவ விடமாட்டார்கள். கூவுவதைத் தவிர அவனுக்கு வேறு தொழில் தெரியாது.

"ஏட்டி, கிறிஸ்துமஸுக்குள்ள பொகையிலைய விட்டுருதேன். அதுவரைக்கும் நீ தேயி. என்னைய ஏசி ஏசி ஒன் வாய் நல்லா தெடமாத்தான இருக்கு!" என்பான். அவளும் சிரித்துக்கொண்டே தேய்ப்பாள். பச்சை எரியும்.

நாக்குப் புண் ஆறாமல், கஞ்சிகூட இறங்காமல் போன பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். சதைத் துணுக்கைப் பரிசோதித்த டாக்டர் மங்கையர்க்கரசி படத்தைக் காட்டினார்.

"மேல்தோலுக்கு அடியில இந்தக் கோடு தெரியுதா? கேன்சர் இதைத் தாண்டுறதுக்கு முன்னாடி வந்திருந்தா கொஞ்சமா வெட்டி எடுத்திருக்கலாம். இப்ப தாண்டி, பதினெட்டு மில்லிமீட்டர் ஆழத்துக்குச் சதையில இறங்கியிருக்கு. நரம்பைச் சுத்தியும் பிடிச்சிருக்கு. நாக்கை எடுத்தாகணும்."

பிரஷ் அனுப்பிய பழைய பதிவுகளைப் புரட்டிப் பார்த்தார். "எட்டு மாசமும் பச்சைதான் வந்திருக்கு. அதெப்படி?"

மரியதாஸ் மனைவி பக்கம் திரும்பவே இல்லை. "பிரஷ் கெட்டுப்போச்சும்மா" என்று குழறினான்.

செலஸ்டீன் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பிரஷ் நல்லாத்தாம்மா இருக்கு" என்றாள். "அதுல தெரிஞ்சது என் வாய்."