மாமனாரின் பதில்

மதிய வெயில் சன்னல் கம்பிகளின் நிழலை மேசைமேல் வரிவரியாக விரித்திருக்கிறது. மேசையில் மூன்று கணினிகள். இரண்டு புதியவை, சத்தமே இல்லை. மூன்றாவது பழையது, விசிறி இரைய மூச்சு வாங்குகிறது. எல்லாரும் அதை அனுசரித்துப் போக வேண்டியிருப்பதால் அதன் பெயர் மாமனார். அண்ணியும் நாத்தனாரும் சேர்ந்து போட்டோ ஸ்டுடியோக்களுக்காக எழுதும் மென்பொருள் மூன்றிலும் ஓடியாக வேண்டும். புதிய இயங்குதளங்களில் ஆயிரம் படங்களைக் கண்ணிமைக்கும் நேரத்தில் நகலெடுக்கும் வசதி வந்திருக்கிறது. அண்ணிக்கு அதன்மேல் ஒரே மோகம். “மாமனாரைக் கழட்டி விட்டுடலாம்டி. அவருக்காக நாமளும் எவ்வளவு நாள்தான் ஊர்ந்துக்கிட்டே போறது?” நாத்தனார் திரையில் ஒரு வரியைத் தொட்டுக் காட்டுகிறாள். “இவரை மாதிரி பழசை வச்சுப் பொழைக்கிற ஸ்டுடியோக்காரங்க எங்க போவாங்க, அண்ணி? இயங்குதளத்தோட பதிப்பு எண் பழசுன்னு பாத்ததுமே, இதுல முடியாதுன்னு நீங்களே எழுதிட்டீங்க. வயசைக் கேக்காதீங்க, இந்த வேலை தெரியுமான்னு கேளுங்க. தெரியலைன்னா பழைய வழியிலயே போகட்டும்.” அந்த வரியை அழித்து, கேள்வியை மாற்றி எழுதி, ஆயிரம் படங்களை நகலெடுக்கச் சொல்லி மூன்றிலும் ஓட்டுகிறாள். புதியவை இரண்டும் சட்டென்று முடித்துவிடுகின்றன. “இவரு முடிக்கிறதுக்குள்ள டீயே குடிச்சிட்டு வந்துடலாம்” என்று அண்ணி நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளுகிறாள். அவள் எழுவதற்குள் மாமனாரின் திரையில் படங்கள் முழுவதும் வந்து நிற்கின்றன, புதிய வழியிலேயே. எப்போதோ வந்த ஒரு புதுப்பிப்பு அந்த வசதியையும் சத்தமில்லாமல் கொண்டுவந்து சேர்த்திருக்கிறது. அண்ணி பாதி எழுந்தபடி நிற்கிறாள். “தெரியும்னு இவரு இத்தனை நாளா சொல்லவே இல்லையேடி!” நாத்தனார் விசிறியின் தூசியை முந்தானையால் துடைக்கிறாள். “நாம கேக்கவே இல்லையே, அண்ணி.”