பளபளக்கும் வெள்ளிக்காசு

பார்சலைப் பல்லால் கிழிக்கிறார் கடிகாரக்காரர். பஞ்சுக்குள்ளிருந்து வெள்ளிக்காசு மேசையில் விழுந்து, சுழன்று அடங்குகிறது. ஜன்னல் வெயிலில் கண் கூசுகிறது. வீட்டில் திருடுபோன காசைத் தேடித் தேடி இதுவரை இணையத்தில் வாங்கியதெல்லாம் படத்தில் ஒன்று, பார்சலில் இன்னொன்று. இது அதேதான், விளிம்பில் அதே நசுங்கல். ஆனால் படத்தில் கறுத்திருந்த காசு இப்போது இருபுறமும் வழவழவென்றிருக்கிறது. விற்றவனைப் போனில் பிடிக்கிறார். "ஒரே கீறலா இருந்துச்சு சார். உங்களுக்காக மெஷின்ல வச்சு தேய்ச்சுட்டேன். புது மாப்பிள்ளை மாதிரி ஜொலிக்குதுல்ல?" அவர் போனை வைக்கிறார். "என்னங்க, நம்மளுதுதானே?" என்று மனைவி காசை வாங்கி விரலால் தடவுகிறாள். திருப்பி மறுபக்கமும் தடவுகிறாள். "எங்கங்க அந்தப் பூனை?" இறந்துபோன மகள் காம்பஸ் முனையால் அந்தக் காசில் ஒரு பூனை முகம் கீறி வைத்திருந்தாள்.