நனைந்தது அவளுக்கு

"செருப்பைக் கழட்டாதீங்க ஹாஜி. என் வீட்டுக்குள்ள உங்களுக்கு ஒரு வேலையும் இல்லே" என்றார் முன்ஜி, வாசலை மறித்துக்கொண்டு.

ஹாஜி திஜானி செருப்பைக் கழற்றினார். கெர்கென்னா தீவில் கடல் பங்கு வழக்கு எதுவானாலும் அவர்தான் தீர்ப்பார். பௌர்ணமியன்று கடல் ஏறும் நேரத்தில், வழக்குள்ள இடத்தில் வெறுங்காலோடு நடந்து பார்ப்பார். பாதம் எதுவரை நனைகிறதோ அதுவரை கடல். அதற்குமேல் யாரும் வாய் திறக்கக் கூடாது.

அவரை அழைத்து வந்தவள் முன்ஜியின் தங்கை சாலிஹா. அன்றைய பௌர்ணமியில் வாசல் வரை ஏறியிருந்த கணுக்கால் தண்ணீரில், முகத்தை இறுக்கிக்கொண்டு நின்றிருந்தாள்.

நாற்பது வருடத்துக்கு முன் அப்பாவின் சொத்தைப் பாகம் பிரித்தபோது, இதே ஹாஜியின் முன்னால் முன்ஜி சத்தியம் செய்து சொன்ன வாக்கு ஊருக்கே மனப்பாடம். "நனைஞ்சதெல்லாம் அவளுக்கு, காய்ஞ்சதெல்லாம் எனக்கு." அப்படித் தோப்பும் வீடும் அவருக்கு வந்தன. ஓலை வேலி நட்டு மீன் அடைக்கும் கரையோரக் கடல் சாலிஹாவுக்குப் போனது. தங்கையின் தலையில் நன்றாக மிளகாய் அரைத்துவிட்டதாக அன்று அவருக்கு உள்ளூரச் சந்தோஷம்.

அன்று வீட்டுக்கும் கடலுக்கும் நடுவே இருநூறு பேரீச்சை மரங்கள் இருந்தன. இன்று முக்கால்வாசி உப்பில் பட்டுப்போய் மொட்டையாக நின்றன. போன குளிர்காலத்தில் பின்சுவர் சரிந்தது. மிச்சச் சுவர் அடுத்த புயலைத் தாங்காது என்று கொத்தனார் சொல்லிவிட்டுப் போனார். மனைவி இறந்து, பிள்ளைகளும் அக்கரைக்குப் பிழைக்கப் போய், மனிதர் ஒண்டியாக அதற்குள் கிடந்தார்.

ஹாஜி அவரை மெல்ல விலக்கிவிட்டு உள்ளே நடந்தார். முற்றத்தில் பாதம் நனைந்தது. கூடத்திலும் நனைந்தது. கட்டிலின் கால் வரை போய் நின்று, குனிந்து பாதத்தைத் தொட்டுப் பார்த்தார். அந்த இடத்தில் நிற்க அவருக்கே கூச்சமாக இருந்தது.

"ஈரம்தான்" என்றார்.

முன்ஜி இந்த வீட்டில் பிறந்தவர், இந்த வீட்டிலேயே சாவதாக இருந்தவர். தங்கை பக்கம் திரும்பினார்.

"ஏறுறது கடல் குத்தமா, என் குத்தமா? உலகம் பூரா புகையைக் கக்கி பூமியைச் சூடாக்கி வச்சிருக்கான். பனிமலை உருகி இங்கே வந்து நிக்குது. அவனை எல்லாம் விட்டுட்டு என் வீட்டைப் பிடுங்க வந்தியா?"

"ஏறுறது தீவுக்கே ஏறுது அண்ணே. உன் வாசலுக்கு மட்டும் ஏன் முதல்ல வந்துச்சு?"

முன்ஜி கடல் பக்கம் பார்த்தார். காரணம் அவருக்குத் தெரியும். தங்கையின் பங்கு என்றும் பாராமல் இருபது வருடம் இழுவை வலை போட்டு, வீட்டுக்கு நேரே இருந்த கடற்புல்லை வேரோடு சுரண்டியவர் அவர். மீன் குஞ்சு, கணவாய் முட்டை, எல்லாம் அந்தப் புல்லோடு போயின. அலையின் முதுகை உடைத்துக்கொண்டிருந்ததும் அந்தப் புல்தான். பக்கத்தில் சாலிஹா வேலி கட்டிய இடத்தில் அவள் யாரையும் வலை இழுக்க விட்டதில்லை. அங்கே புல் இன்னும் இடுப்பளவு ஆடுகிறது, கரையும் அப்படியே இருக்கிறது.

"இந்த வீட்டை வாங்கி என்ன பண்ணப் போறே?" என்றார் முன்ஜி.

"புல்லுக்கு விட்டுடுவேன். நம்ம காலத்துல வளராது, வளர்றப்போ வளரட்டும். உன் வாசல் வரைக்கும் இனி என் கடல். இழுவை வலை இதுக்குள்ள வரக் கூடாது. இன்னிக்கே காலி பண்ணு."

கூடப் பிறந்தவள் வாயிலிருந்து அது வந்ததைத்தான் முன்ஜியால் தாங்க முடியவில்லை. அப்பாவின் நிலத்து மூலையில் ஒரு மேடு உண்டு. புருஷன் இறந்தபின் சாலிஹா அதில் இரண்டு அறை கட்டிக்கொண்டாள். அவர் தடுக்கவில்லை. ஆனால் அது தன் மண் என்று சொல்லிக்காட்டாத பெருநாளும் கிடையாது. இப்போது அது ஞாபகம் வந்ததும் ரோஷம் தலைக்கேறியது.

"சத்தியம்னா ரெண்டு பக்கமும் சத்தியம்தானே? காய்ஞ்சதெல்லாம் எனக்கு. மேட்டுல ஒரு சொட்டு ஈரம் கிடையாது. நீ இருக்கிற வீடு என் மண்ணுல நிக்குது. நீயும் எறங்கு" என்று கத்தினார். "சொல்லுங்க ஹாஜி, நியாயமா இல்லையா?"

ஹாஜி சாலிஹாவைப் பார்த்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

"நியாயம்தான். மேடு உன்னுது" என்றார்.

சாலிஹா முந்தானை முடிச்சை அவிழ்த்து, மேட்டு வீட்டுச் சாவியை எடுத்து அண்ணன் கையில் வைத்து விரல்களை மூடினாள்.

"சுவர் சரிஞ்சதுலேர்ந்து, என்கூட வந்து இருன்னு மூணு தடவை கூப்பிட்டேன். தங்கச்சி தயவுல கிடக்க மாட்டேன்னு சொல்லிட்டே. இப்ப அது உன் வீடு, எவ தயவும் இல்லே. முன் அறையில உனக்குப் படுக்கை போட்டாச்சு. வீட்டுக்காரர் சம்மதிச்சா, அடுப்படிப் பக்கம் நான் இருந்துக்கறேன்."